அப்பாவுக்குப் பதிலாக ஒரு கையெழுத்து

போன் எடுத்ததும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான். “சார், அப்பா பேர்ல ஒரு பாலிசி இருக்கு. கேன்சல் பண்ணணும். அப்பாவால வர முடியாது. நான் வந்து கையெழுத்துப் போட்டாப் போதும்லா?”

போதாது என்பேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தம் இருக்காது. பிறகு, “நாமினியே நான்தான சார்?” என்று வரும்.

1988-ல் ஏஜென்ட் ஆனேன். அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர், இவ்வளவுதான் என் உலகம். சைக்கிளில் ஆரம்பித்து, டி.வி.எஸ். 50-க்கு மாறி, இப்போது முழங்கால் ஒத்துழைக்காததால் பேரன் பின்னால் உட்கார்ந்து போகிறேன். இத்தனை வருடத்தில் பாலிசி போட வைத்த கதைகளை யாரிடமும் சொல்லலாம். எல்லா ஏஜென்ட்டும் சொல்வான். முறித்த கதைகளைத்தான் நாங்கள் பேசுவதில்லை.

கேன்சல் என்று வீட்டார் சொல்வது எங்கள் பாஷையில் சரண்டர். பழைய ஆட்கள் “பாலிசியை முறிக்கணும்” என்பார்கள். மூன்றில் அதுதான் பொருத்தமான சொல் என்று எனக்குத் தோன்றும். சத்தம் கேட்கிற சொல்.

நாமினி விஷயத்துக்கு வருகிறேன். 1938-ஆம் வருட இன்சூரன்ஸ் சட்டத்தின் 39-ஆம் பிரிவுதான் இதற்கு ஆதாரம். பாலிசிதாரர் காலமானால் பணம் வாங்க வருகிறவர் நாமினி. பாலிசிதாரருக்கு மூச்சு இருக்கும்வரை நாமினிக்கு ஒரு ரூபாய்கூடப் பாத்தியதை கிடையாது. 2015-ல் சட்டத்தைத் திருத்தி, பெற்றோர், கணவன் மனைவி, பிள்ளைகள் நாமினியாக இருந்தால் பணம் அவர்களுக்கே உரியது என்று பலப்படுத்தினார்கள். அதுவும் இறப்புக்குப் பிறகுதான். “அப்பா இருக்கிற வரைக்கும் அந்தக் காகிதத்துல நீங்க வெறும் பேருதான் தம்பி” என்று சொல்லிப் பழகிவிட்டேன். சிலர் போனை வைத்துவிடுவார்கள்.

நான் தொழிலுக்கு வந்த புதிதில் இந்தக் கேள்வியே கிடையாது. பாலிசியை முறிக்க வருகிறவர் பாலிசிக்காரர்தான். மகள் கல்யாணம், கிணறு வெட்டு, வயலுக்கு மோட்டார் என்று ஏதாவது ஒன்று இருக்கும். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மஞ்சள் பையில் பத்திரத்தைச் சுருட்டி எடுத்து வருவார். ஆபீஸில் ஒரு சீனியர் கிளார்க் இருந்தார். அட்டை பிய்ந்த ஒரு புத்தகத்தில் பெருக்கு எண்கள் வரிசையாக இருக்கும். பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு கணக்குப் போடுவார். கம்ப்யூட்டர் வந்த பிறகு ஒரு பட்டனில் வந்துவிழுகிற தொகைக்கு அன்று அரை மணி நேரம் ஆகும். அந்த அரை மணி நேரத்தில் பத்துப் பேரில் இரண்டு பேர் மனசு மாறி எழுந்து போய்விடுவார்கள். கம்ப்யூட்டர் வந்ததில் நான் கண்ட ஒரே நஷ்டம் அதுதான்.

அந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டால் பாதிச் சண்டை குறையும். ஐம்பதாயிரத்துக்கு இருபது வருட பாலிசி. பன்னிரண்டு வருடம் கட்டியாகிவிட்டது என்று வையுங்கள். இருபதில் பன்னிரண்டு பங்கு, அதாவது முப்பதாயிரம். அதுவரை சேர்ந்த போனஸ் இருபத்தெட்டாயிரம் என்றால், மொத்தம் ஐம்பத்தெட்டாயிரம். வீட்டில் எல்லோரும் இந்த இடத்தில் நின்று சந்தோஷப்படுவார்கள். அது கைக்கு வருகிற காசு இல்லை. முடிவு தேதிக்கு இன்னும் எட்டு வருடம் இருக்கிறதே, அதற்காக இந்தத் தொகையை ஒரு காரணியால் பெருக்குவார்கள். பாதிக்குக் கொஞ்சம் மேலே நிற்கும். முப்பதாயிரம் சொச்சம். கட்டிய பிரீமியமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான் இருக்கும். பன்னிரண்டு வருடம் வட்டியில்லாமல் கைமாற்றுக் கொடுத்ததுபோல.

அதனால்தான் அந்தக் கிளார்க் பேனாவைக் கையில் கொடுக்கும் முன் “லோன் போட்டுக்கிடுதீயளா அய்யா?” என்று கேட்பார். நடப்பில் உள்ள பாலிசிக்கு சரண்டர் தொகையில் 90 சதவீதம்வரை கடன் கிடைக்கும். பாலிசி சாகாது. இந்த ஒரு கேள்வியை நான் அவரிடமிருந்துதான் எடுத்துக்கொண்டேன். எடுத்துக்கொள்ளச் சில வருடம் பிடித்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

1994 மார்ச். வருடக் கணக்கு முடிய இரண்டு வாரம். எனக்கு எண்ணிக்கை குறைவாக இருந்தது. ரிட்டயர் ஆக இரண்டு வருடம் இருந்த ஒரு வாத்தியாரைப் பழைய பாலிசியை முறிக்க வைத்து, அந்தப் பணத்திலேயே புது பாலிசி போட வைத்தேன். முதல் வருடக் கமிஷன்தான் பெரிசு. பழைய பாலிசியில் வருவது சில்லறை. யாரும் என்னைத் தூண்டவில்லை, நானாகச் செய்தேன். வயசு ஏறியிருந்ததால் புது பாலிசியின் பிரீமியம் அதிகம். ரிட்டயரான பிறகு அவரால் கட்ட முடியவில்லை. அன்றைய விதியில் மூன்று வருடப் பிரீமியம் முழுசாகக் கட்டாத பாலிசிக்கு சரண்டர் தொகை சல்லிக்காசு கிடையாது. எல்லாம் போயிற்று. பழைய பாலிசியை அப்படியே விட்டிருந்தால் ஐந்து வருடத்தில் முழுத் தொகையும் வந்திருக்கும்.

வாத்தியார் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எதிரில் பார்த்தால் “காபி சாப்பிட்டுட்டுப் போங்க” என்று கூப்பிடுவார். நான் அந்தத் தெரு வழியாகப் போவதையே விட்டேன். அந்தக் கமிஷனில் வாங்கிய மிக்ஸி எங்கள் வீட்டில் பல வருடம் ஓடியது. இந்தக் கதை என் மனைவிக்கு இன்றுவரை தெரியாது. இதைப் படித்தால் தெரியும்.

2000-க்குப் பிறகு இரண்டு மாற்றம் ஒன்றாக வந்தது. தனியார் கம்பெனிகள் வந்தன. பிள்ளைகள் ஊரைவிட்டுப் போனார்கள். அதுவரை பாலிசிக்காரரோடு பேசிக்கொண்டிருந்த எனக்குப் பாலிசிக்காரரின் மகனோடு பேசுகிற வேலை ஆரம்பித்தது. பெங்களூரிலிருந்து தீபாவளிக்கு வருவார். நான்கு நாள் லீவு. பீரோவைக் குடைந்து பத்திரத்தை எடுத்து, “இதெல்லாம் வேஸ்ட் சார், குளோஸ் பண்ணிடலாம்” என்பார். அப்பா திண்ணையில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். அவரிடம் கேட்டீர்களா என்றால், “அவருக்கு ஒண்ணும் தெரியாது சார்.” பேப்பர் அசையாது. பக்கமும் திரும்பாது.

முறிப்பதே பாவம் என்று நான் சொல்ல வரவில்லை. மனைவிக்கு டயாலிசிஸ் ஆரம்பித்த ஒருவருக்கு நான்கு பாலிசிகளையும் ஒரே நாளில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அவரிடம் லோன் பேச்சே எடுக்கவில்லை. எழுபது வயதுக்கு மேல், தன்னை நம்பி யாரும் இல்லாதவர், பென்ஷனில் பாதியைப் பிரீமியமாகக் கட்டிக்கொண்டிருந்தால் அதையும் நிறுத்தத்தான் சொல்வேன். என் சங்கடம் வேறு. யாருடைய பணமோ அவர் அந்தப் பேச்சில் இருக்க வேண்டும்.

அவர் இருந்தாலும் அவர் கை இருக்க வேண்டுமே. பெரியவர்களின் பாலிசி திரும்பி வருவது பெரும்பாலும் கையெழுத்தில்தான். முப்பது வருடத்துக்கு முன் முன்மொழிவுப் படிவத்தில் போட்டதை ஸ்கேன் செய்து வைத்திருப்பார்கள். அதையும் சரண்டர் படிவத்தில் ரெவின்யூ ஸ்டாம்புக்கு மேல் போட்டதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். நடுங்கும் கைக்கு அந்தச் சின்ன ஸ்டாம்பு ஒரு தண்டனை. முதலில் தபாலாபீஸில் ஸ்டாம்பு கிடைக்க வேண்டும். அது ஒரு தனிக் கதை.

எங்கள் பக்கத்தில் ஒரு பழைய கர்ணம் இருந்தார். 1980-ல் பரம்பரைக் கிராம அதிகாரிகள் பதவியை அரசாங்கம் ஒழித்தபோது வேலை போனவர். அதற்குப் பிறகும் ஊரில் அவரைக் கர்ணம் என்றேதான் கூப்பிட்டார்கள். பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. மருந்துச் செலவுக்குப் பாலிசியை முறிக்க அவரே முடிவு செய்தார். கைநாட்டு வைக்கலாம், அதிகாரி ஒருவர் முன்னிலையில், எழுதியிருப்பதைத் தமிழில் படித்துச் சொன்னோம் என்ற சான்றோடு வைத்தால் செல்லும். மைப்பெட்டியைத் திறந்து நீட்டினேன். இடது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்விட்டார். பேச்சு குழறும். மருமகள்தான் எடுத்துச் சொன்னாள்: “ஊர்ல அத்தனை பேரு கைநாட்டையும் மாமா பாத்து எழுதுனவங்களாம். தானே வைக்க மாட்டாங்களாம்.”

ஒரு மாதம் சிலேட்டில் இடது கையால் எழுதிப் பழகினார். பேத்தியின் சிலேட்டு. நான் ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் போய்ப் பார்ப்பேன். முதல் வாரம் கோடுகள். மூன்றாவது வாரம் பெயர். அந்தப் புதுக் கையெழுத்தை வங்கி மேனேஜர் வீட்டுக்கே வந்து பார்த்துச் சான்று கொடுத்தார். ஆபீஸிலும் ஏற்றுக்கொண்டார்கள். செக் வந்த அன்று எனக்குச் சர்க்கரை போட்ட காபி. அவருக்குச் சர்க்கரை கிடையாது. என் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

செக் காலம் போய் இப்போது நேராக வங்கிக் கணக்குக்குத்தான் பணம். நல்லதுதான், செக்கை யாராவது வாங்கிக்கொண்டு போய்விடுவார்களோ என்ற பயம் போயிற்று. பதிலுக்கு வந்தது முன்னெழுத்துத் தொல்லை. பாலிசியில் அம்மாவின் முன்னெழுத்து பிறந்த வீட்டுடையது. ஆதாரில் கணவர் பெயரை முழுசாகப் பின்னால் ஒட்டியிருப்பார்கள். பான் கார்டில் முன்னெழுத்தை விரித்து அதையே முதல் பெயராக்கியிருப்பார்கள். கம்ப்யூட்டருக்கு அது மூன்று பெண்கள். மூவரும் ஒருவரே என்று நிரூபிக்க அந்த ஒருவரே எழுபத்தைந்து வயதில் நான்கு இடம் ஏறி இறங்க வேண்டும். பத்திரத்தைச் செல் அரித்திருந்தால் இன்னும் மோசம். ஈட்டுறுதிப் பத்திரம், சாட்சி, நோட்டரி என்று இழுக்கும். பெற்றோர் நடமாடும்போதே இந்தப் பெயர்களைச் சரிசெய்து வையுங்கள் என்று கல்யாண வீட்டில்கூட நான் சொல்வதுண்டு. சாப்பாட்டு வரிசையில் என் பக்கத்து இலை காலியாகவே இருக்கக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன்.

நான் போடாத பாலிசிகளும் என்னிடம் வரும். வீரவநல்லூரில் ஒரு அம்மா, எழுபத்து நான்கு வயது, கணவர் விட்டுப்போன பணத்தை வங்கியில் எஃப்.டி. போட்டிருந்தார். முதிர்வு நாளில் புதுப்பிக்கப் போனவரிடம் இன்னும் நல்ல வட்டி என்று சொல்லி நாலைந்து இடத்தில் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். அடுத்த வருடம் “இந்த வருஷப் பணம் கட்டலியே” என்று போன் வந்தபோதுதான் அது பத்து வருடம் கட்ட வேண்டிய இன்சூரன்ஸ் என்று தெரிந்தது. மகள் பத்திரத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். எந்த வங்கி, எந்தக் கம்பெனி என்று எழுத மாட்டேன்.

பிடிக்காத பாலிசியைத் திருப்பிக் கொடுக்கச் சட்டத்தில் ஒரு ஜன்னல் உண்டு. பத்திரம் கைக்கு வந்த நாளிலிருந்து அப்போது 15 நாள். 2024 முதல் 30 நாள். அதற்குள் எழுதிக் கொடுத்தால் சின்னச் செலவுகள் போகப் பணம் முழுசும் திரும்பும். உண்மையில் கேன்சல் என்ற சொல் பொருந்துவது இதற்கு மட்டும்தான். ஆனால் அந்த அம்மா கூரியரில் வந்த கவரைப் பிரிக்காமல் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்தார். வங்கி சமாச்சாரம், பத்திரமாக இருக்கட்டும் என்று.

நான் படிவத்தின் நகலைத்தான் முதலில் கேட்டு வாங்கச் சொன்னேன். அதில் அவர் வருட வருமானம் ஆறு லட்சம் என்று இருந்தது. குடும்பப் பென்ஷனைத் தவிர வேறு நாதியில்லாதவர். கைபேசி எண் என்று போட்டிருந்தது அவர் வீட்டில் யாருடையதும் இல்லை; பாலிசி விவரம் புரிந்ததா என்று கம்பெனி கேட்ட அழைப்பு அந்த எண்ணுக்குத்தான் போயிருக்கும். இந்த இரண்டையும் வைத்து ஒரு பக்கத்தில் கடிதம் எழுதினோம். முதலில் கம்பெனியின் குறைதீர்க்கும் பிரிவுக்கு. ஒரு மாதம் கழித்து, சரண்டர் செய்துகொள்ளலாம் என்று மழுப்பலாக ஒரு பதில். அதை இணைத்துச் சென்னையில் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனுக்கு. அங்கே கட்டணம் கிடையாது, வக்கீல் வைக்க முடியாது. கம்பெனி பதில் சொல்லி ஒரு வருடத்துக்குள் போக வேண்டும், அவ்வளவுதான். விசாரணைக்கு முன்பே கம்பெனி முழுத் தொகையையும் திருப்பித் தருவதாக ஒப்புக்கொண்டது. மகள் கோபத்தில் முதல் வாரமே சரண்டர் செய்திருந்தால் கட்டியது முழுசாக வந்திருக்காது. அவசரப்பட்டு முறிக்காதே என்று அந்த வாரம் முழுக்கப் போனில் அவளைப் பிடித்து வைத்திருந்தேன். என் தொழிலில் நான் செய்த உருப்படியான காரியங்களில் அது ஒன்று, கமிஷன் இல்லாதது.

மருத்துவ பாலிசி பற்றி ஒரே வார்த்தை. பெரியவர்களின் மெடிக்ளெய்ம் பிரீமியம் ஏறிவிட்டது, நிறுத்திவிடலாமா என்று வருடா வருடம் கேட்பார்கள். ஆயுள் பாலிசியை முறித்தால் பணத்தில் நஷ்டம். இதை முறித்தால் காத்திருந்த காலம் நஷ்டம். சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மூன்று வருடம்வரை காத்திருந்து கடந்த பாலிசியை எழுபத்திரண்டில் விட்டுவிட்டுப் புதிதாகக் கேட்டால் மறுபடி முதலிலிருந்து. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் பாலிசிகளுக்கு ஜி.எஸ்.டி.யும் இல்லை. முடிந்தால் தொகையைக் குறைத்துக்கொண்டாவது தொடருங்கள் என்பேன்.

எனக்குப் பதில் தெரியாமல் நின்ற இடம் ஒன்று உண்டு. மறதி நோய். அப்பாவுக்கு மகன் அடையாளம் தெரியவில்லை. பேனாவைக் கொடுத்தால் வாயில் வைக்கிறார். “பவர் எழுதி வாங்கியிருக்கோம் சார், ரெண்டு வருஷம் முன்னாலயே” என்று பத்திரத்தை நீட்டினார் மகன். பவர் கொடுத்தவருக்குப் புத்தி தெளிவு போனால் பவரும் போய்விடும். 1872-ஆம் வருட ஒப்பந்தச் சட்டம் 201-ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. தேவைப்படும்போது செல்லாது, தேவையில்லாதபோது செல்லும். 1987-ன் மனநலச் சட்டத்தில் சொத்தைப் பார்த்துக்கொள்ள மாவட்ட நீதிமன்றம் ஒருவரை நியமிக்க வழி இருந்தது. அதை எடுத்துவிட்டு வந்த 2017 சட்டத்தில் அந்த வழி இல்லை. இப்போது உயர் நீதிமன்றம் போய்க் காப்பாளராக நியமிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். 2024-ல் கோமாவில் இருந்த ஒருவரின் மனைவியைச் சென்னை உயர் நீதிமன்றம் அப்படி நியமித்து, சிகிச்சைக்காகச் சொத்தை விற்க அனுமதித்தது. நாற்பதாயிரம் ரூபாய் பாலிசிக்கு யார் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கு ரயில் ஏறுவார்கள்? பிரீமியத்தை நீங்களே கட்டிக்கொண்டு வாருங்கள் என்றேன். அதை யார் கட்டினாலும் வாங்கிக்கொள்வார்கள். அந்த மகன் இன்றும் கட்டுகிறார்.

கல்லிடைக்குறிச்சியில் ஒரு ஆச்சி. அப்பளம் போட்டு, நாலு பெண்களை வேலைக்கு வைத்து, தன் சம்பாத்தியத்தில் 2001-ல் ஒரு லட்சத்துக்கு இருபது வருட பாலிசி எடுத்தவர். அப்போது அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. 2018-ல் மகன் சென்னையில் பிளாட் அட்வான்சுக்கு அதை முறிக்கக் கேட்டார். மூன்று வருடம்தான் பாக்கி. நான் லோன் என்றேன். அவர் சரண்டர் என்றார். ஆச்சி ஒன்றும் சொல்லாமல் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

திரும்பி வந்தது. கையெழுத்து ஒத்துவரவில்லை. இன்னொரு படிவம். அதுவும் திரும்பியது. “அம்மாவுக்குக் கை நடுங்குது சார்” என்றார் மகன் போனில். வங்கியில் சான்று வாங்கலாம் என்று ஆபீஸில் சொன்னார்கள். அழைத்துப் போக ஒரு நாள் காலையில் போனேன்.

முற்றத்தில் அப்பளம் காய்ந்துகொண்டிருந்தது. கடைக்காரப் பையன் சரக்கு எடுக்க வந்திருந்தான். ஆச்சி பில் நோட்டை மடியில் வைத்து, என்னைக் கவனிக்காமல், ஒரே இழுப்பில் கையெழுத்துப் போட்டுத் தாளைக் கிழித்துக் கொடுத்தார். 2001-ல் என் முன்னால் போட்ட அதே கையெழுத்து. கடைசி எழுத்தின் வால் மேலே போய்ச் சுழித்து நிற்கும். பையன் போனபிறகுதான் நான் வாசலில் நிற்பதைப் பார்த்தார்.

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசவில்லை. பிறகு உலக்கையை எட்டி எடுத்துச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுச் சொன்னார்: “அவங்கிட்ட இல்லைன்னு சொல்ல வாய் வரமாட்டேங்குய்யா.”

வங்கிக்குப் போகவில்லை. பாயில் உட்கார்ந்து மோர் குடித்தேன். சாயங்காலம் மகனுக்குப் போன் செய்தேன். “கையெழுத்து ஒத்துவர மாட்டேங்குது தம்பி. ஆபீஸ்ல ஏத்துக்கிட மாட்டாங்க.” இரண்டு வாக்கியமும் உண்மைதான். அவர் எங்கேயோ புரட்டிக்கொண்டார்.

2021-ல் பாலிசி முதிர்ந்தது. கொரோனா நேரம், முகக்கவசத்தோடு டிஸ்சார்ஜ் வவுச்சரை வாசலில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றேன். ஆச்சி கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, ஸ்டாம்பின் மேல் நிதானமாக எழுதினார். ஒரே தடவையில் பாஸ் ஆனது.